"இதனால்தான் இது" என்று தோன்றும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கையேடு உண்டு. கருவி தப்புத் தப்பாக எண் காட்டினால், "இதனாலதான் இருக்கும்" என்று யூகித்துக் கழற்றக் கூடாது. அறிகுறியைப் பார்க்க வேண்டும், அதற்கு நேரே எழுதியிருக்கும் சோதனையைச் செய்ய வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்டரில் நின்றபடியே காரணம் சொல்லிவிடுவார்கள். இதைக் குடித்ததால் ஏறியது, அதைத் தின்றதால் வந்தது, பாசிட்டிவ் என்று போட்டிருப்பதால் நோய் உறுதி. பல வேளைகளில் அந்த முடிவு தவறாக இருக்கிறது, அதற்குப் பணமும் உடம்பும் விலையாகப் போகின்றன. நம் யோசனைக்கும் அப்படி ஒரு கையேடு வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையை ஒரு தாளில் நாலு கட்டமாகப் பிரித்து எழுதுங்கள். காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது. உட்கார்ந்தது, விழவில்லை. உட்காரவில்லை, ஆனாலும் விழுந்தது. உட்காரவில்லை, விழவும் இல்லை. நம் நினைவில் நிற்பது முதல் கட்டம் மட்டும்தான், ஏனென்றால் அதில்தான் சொல்வதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. மற்ற மூன்றும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். காக்கை உட்கார்ந்த நேரங்களில் எத்தனைக்கு எத்தனை விழுந்தது, உட்காராத நேரங்களில் எத்தனைக்கு எத்தனை விழுந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காக்கைமேல் பழி போடலாமா என்று தெரியும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்த நாலில் ஏதோ ஒரு கட்டம் காலியாகக் கிடப்பதால் வருகிறவை.

அறிகுறி: "இதைக் கொடுத்த பிறகுதான் சரியாச்சு"

ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். அந்த நாட்களில் எங்கள் கூடத்தில் ஒருவர் பெயரிலேயே தினம் ஒரு ரிப்போர்ட் போகும். ஒரு முறை ஒரு தம்பி தன் அண்ணனுடைய இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். முதல் நாள் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000. அடுத்த நாள் 71,000. "நேத்து ராத்திரி பப்பாளி இலைச்சாறு கொடுத்தோம்க்கா, பாருங்க." அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபின் எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் ஏட்டில் பார்த்தால் டெங்குவின் போக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். காய்ச்சல் இரண்டிலிருந்து ஏழு நாள். தட்டணுக்கள் மூன்றாம் நாள் வாக்கில் இறங்கத் தொடங்கி, காய்ச்சல் விடும் நேரத்தில் அடிமட்டத்துக்குப் போய், பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறும். குடும்பம் எப்போது பதறி இலைச்சாறு தேடுகிறது? எண் அடிமட்டத்தில் இருக்கும் அன்று. அடிமட்டத்தில் எதைக் கொடுத்தாலும் அடுத்த நாள் ஏறத்தான் செய்யும். தண்ணீர் மட்டும் குடித்தவருக்கும் ஏறும்.

இதனால் இலைச்சாறு வீண் என்று ஆகிவிடாது. தட்டணுக்கள் கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அந்தத் தம்பியின் கையில் இருந்த இரண்டு தாள்களால் இதைத் தீர்மானிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். சோதிக்க வேண்டியது: அதே நாள் கணக்கில் இருந்து, சாறு குடிக்காத நோயாளிகளின் எண் என்ன ஆனது?

இதில் ஆபத்தும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் பயப்பட வேண்டிய நேரம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதைத் தட்டணு எண் காட்டாது, பி.சி.வி. எண் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதுதான் காட்டும். "சாறு வேலை செய்யுது" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு, விடாத வயிற்றுவலியோடும் வாந்தியோடும் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த இரண்டு நாளும் மருத்துவர் கண்ணில் படும்படி இருங்கள்.

மோசமான நிலைக்குப் பின் நடுத்தரமான நிலை வருவது டெங்குவில் மட்டும் இல்லை. 1886ல் பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்து அறிஞர் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து இதைக் காட்டினார். ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் அவர்களைவிடக் கொஞ்சம் குட்டையாகவும், ரொம்பக் குட்டையானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் உயரமாகவும் இருந்தார்கள். மார்க் படுமோசமாக வந்த அன்று பையனைத் திட்டினால் அடுத்த பரீட்சையில் ஏறுவதும், முதல் மார்க் வாங்கிய அன்று பாராட்டினால் அடுத்ததில் இறங்குவதும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். திட்டுதான் பலிக்கிறது என்று அப்பாக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அடி வாங்குவது பிள்ளை.

அறிகுறி: "இரண்டும் எப்பவும் சேர்ந்தே வருது"

மாம்பழம் தின்றால் சூட்டுக் கட்டி வரும் என்று சேலத்தில் சொல்லாத வீடு இல்லை. மல்கோவாவும் குண்டும் வந்து இறங்கும் மே மாதத்தில் பிள்ளைகளுக்குக் கட்டியும் வருவது உண்மைதான். இரண்டும் சேர்ந்து வருவதில் பொய் இல்லை.

சோதிக்க: இரண்டையும் பின்னாலிருந்து தள்ளும் மூன்றாவது ஆள் யார்? மே மாத வெயில். மாம்பழத்தைப் பழுக்க வைப்பதும் அதுதான், வியர்வையும் அழுக்கும் சேர்ந்து தோலில் கிருமி பெருக இடம் கொடுப்பதும் அதுதான். மாம்பழமே தொடாத பிள்ளைக்கு மே மாதத்தில் கட்டி வருகிறதா? அதே பழத்தைக் குளிர்ச்சியான நாளில் தின்ற பிள்ளைக்கு வருகிறதா? இந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பிப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது முழுக்கத் தள்ளக்கூடியதும் இல்லை. மாங்காய்க் காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும். பழத்தைத் தண்ணீரில் போட்டுவைத்து, காம்புப் பக்கம் நறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிடும் பழக்கம் அந்தப் பாலைக் கழுவிவிடுகிறது. வாயைச் சுற்றி வரும் புண்ணுக்குப் பால் காரணமாக இருக்கலாம், முதுகில் வரும் கட்டிக்கு வெயில். "மாம்பழச் சூடு" என்ற ஒரே பேருக்குள் இரண்டு வேறு காரணங்கள் மறைந்திருக்கின்றன.

அறிகுறி: "டெஸ்ட்ல பாசிட்டிவ், அப்போ நோய் இருக்கு"

இது என் தொழிலே என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

விடால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. டைபாய்டுக்குப் பார்ப்பது. 1896ல் பிரான்ஸில் விடால் என்ற மருத்துவர் கொண்டுவந்தது, இன்றைக்கும் நம் ஊரில் காய்ச்சல் என்றால் எழுதிக் கொடுக்கிறார்கள். அது பார்ப்பது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. முன்பு எப்போதோ வந்துபோன டைபாய்டும், போட்ட தடுப்பூசியும்கூட அதைப் பாசிட்டிவாகக் காட்டலாம். டைபாய்டு சகஜமாகப் புழங்கும் ஊர்களில் ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து.

எண்ணாகப் பார்ப்போம். கணக்குக்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 20 பேருக்குத்தான் உண்மையில் டைபாய்டு. டெஸ்ட் 10 நோயாளிகளில் 8 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாத 10 பேரில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது. அப்படியானால் 20ல் 16 பேர் பாசிட்டிவ். மீதி 980 பேரில் 98 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 114 பேர் பாசிட்டிவ் தாளோடு வெளியே போகிறார்கள், அவர்களில் நோய் இருப்பது 16 பேருக்கு. ஏழில் ஒருவர்.

இப்போது ஒரு நல்ல மருத்துவர் விசாரித்து, வயிறு பார்த்து, டைபாய்டு மாதிரி இருப்பவர்களை மட்டும் அனுப்புகிறார் என்று வையுங்கள். அப்படி அனுப்பியவர்களில் 1000 பேரை எடுத்தால் 500 பேருக்கு நோய். பாசிட்டிவ் வருவது 400 பேரும் 50 பேரும். 450ல் 400. அதே டெஸ்ட், அதே கிட், அதே என் கை. டெஸ்ட் எடுப்பதற்கு முன் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதுதான் மாறியது. தாமஸ் பேயஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் எழுதி, அவர் இறந்தபின் 1763ல் வெளியான கட்டுரையின் சாரம் இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் டேவிட் எட்டி என்ற மருத்துவர் 1982ல் எழுதியது: 100ல் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கும் ஒரு கூட்டத்தில் எக்ஸ்ரே பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் 75 சதவீதம் என்றார்கள். அந்த மருத்துவர்களுக்குக் கொடுத்த எண்களை வைத்துச் சரியாகக் கணக்குப் போட்டால் வருவது சுமார் 8 சதவீதம்.

சரி செய்ய: சதவீதத்தை விட்டுவிட்டு 1000 தலைகளாக எண்ணுங்கள். "நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு இந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும்?" என்று மருத்துவரிடம் தைரியமாகக் கேளுங்கள். டைபாய்டு சந்தேகம் என்றால் மாத்திரை தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

அறிகுறி: "அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி கிடைத்தது"

சேலத்தைச் சுற்றிக் கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான் தங்கும். அதனால் போர் போடுமுன் தேங்காயோ குச்சியோ வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது வழக்கம். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் ஊரே பேசும்.

கட்டங்களை நிரப்புங்கள். காட்டினார், வந்தது: எல்லோருக்கும் தெரியும். காட்டினார், வரவில்லை: போட்ட குடும்பம் கடனோடு மௌனமாக இருக்கும். "இங்கே வேண்டாம்" என்ற இடத்தில் தண்ணீர் இருந்ததா? தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே யாரும் போர் போடவில்லை. இரண்டு கட்டம் முழுக் காலி. இந்த நிலையில் அவர் திறமைசாலியா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரராலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காதுக்கும் நல்ல செய்தி மட்டும்தானே திரும்பி வருகிறது. பக்கத்துத் தோட்டங்களில் குத்துமதிப்பாகப் போட்ட போர்களில் எத்தனைக்கு எத்தனை தண்ணீர் வந்தது என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் அவர் எவ்வளவு சாதித்தார் என்று பாருங்கள்.

அறிகுறி: "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்"

பழமொழி சரி. ஒரே பானை, ஒரே தண்ணீர், கிளறிவிட்ட அரிசி என்பதால் சரி. மூட்டைக்கு அது பொருந்தாது. காப்பிக்கொட்டை மூட்டையில் மேல் கைப்பிடியை மட்டும் பார்த்து விலை பேசினால் அடியில் இருக்கும் ஈரம் தெரியாது. எடுத்த சோறு கிளறிய பானையிலிருந்து வந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டாங்க"

சாவு எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மறுபடியும் கணக்குக்காக எண்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு லேசான நோயாளிகள் 100 பேர், அதில் ஒருவர் இறக்கிறார். கவலைக்கிடமானவர்கள் 900 பேர், இறப்பவர்கள் 90. சின்ன ஆஸ்பத்திரிக்கு லேசானவர்கள் 900 பேர், இறப்பு 18. கவலைக்கிடமானவர்கள் 100 பேர், இறப்பு 15. மொத்தமாகப் பார்த்தால் 1000க்கு 91 எதிராக 33. ஆனால் லேசானவர்களிலும் பெரியதுதான் மேல் (100க்கு 1, சின்னதில் 2), கவலைக்கிடமானவர்களிலும் பெரியதுதான் மேல் (100க்கு 10, சின்னதில் 15). சுற்றியுள்ள ஊர்களில் கைவிட்டவர்கள் எல்லாம் அங்கேதான் வருகிறார்கள். நோயின் கடுமையால் பிரித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். என் உறவுக்காரர் ஒருவரை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயந்து இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அறிகுறி: "சேர்ந்து வந்தா அதுதான் காரணமா என்ன?"

இது எதிர்ப்பக்கத்துக் கோளாறு. மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, எந்தச் சாட்சியையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவது.

1950ல் லண்டனில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டுப் புகையின் தொடர்பைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சுமார் 40,000 பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். புள்ளியியல் மேதை ஆர்.ஏ. ஃபிஷர் ஒப்பவில்லை. புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபுக்கூறு கொண்டுவரலாமே என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சாட்சிகளாகவே வந்தது. அதிகம் புகைத்தவர்களுக்கு அதிகம் வந்தது. விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. வேறு வேறு நாடுகளில், வேறு வேறு வழியில் பார்த்தாலும் அதே முடிவு. மரபுக்கூறு ஒன்றால் இத்தனையையும் விளக்க முடியவில்லை. எதையெல்லாம் பார்த்தால் தொடர்பைக் காரணம் என்று நம்பலாம் என்று ஹில் 1965ல் ஒன்பது கோணங்களை எழுதி வைத்தார்.

என் அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவர். பீடியை விடச் சொன்னால், "எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் குடிச்சாரு" என்பார். அந்தத் தாத்தா ஒரு கட்டத்தில் ஒரு ஆள். அதே தெருவில் 50 வயதில் போனவர்களும் பீடி குடித்தவர்கள்தான், அவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது. அப்பா விட்டபோது வயது 61. இன்னும் பத்து வருடம் முன்னால் அவரை நம்ப வைக்க எனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம் இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் கலந்து கிடக்கிறது, எது முன், எது பின் என்றே தெரியவில்லை

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. முன்னால் வந்ததாலேயே மணி யானையைக் கொண்டுவந்ததாக ஆகாது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். சில செடிகள் கறுத்தும் வாடியும் நின்றன. "எறும்பு ஏறின செடியெல்லாம் போகுது கண்ணு, எறும்பை ஒழிச்சா சரியாகும்" என்றார். நான் போய்ப் பார்த்தேன். இலைக்கு அடியில் பச்சைச் செதில் பூச்சி. அது வடிக்கும் தேன் போன்ற நீருக்குத்தான் எறும்பு வருகிறது, அதே நீரின் மேல்தான் கரும்பூசணம் படர்கிறது. அப்படியானால் எறும்பு வெறும் மணியோசையா? அதுவும் முழு உண்மை இல்லை, செதில் பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை எறும்பு விரட்டிவிடும். பார்த்துக்கொண்டே நின்றால் இந்த முடிச்சு அவிழாது. கையால் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும்.

எறும்பும் செதிலும் உள்ள 24 செடிகளுக்கு நம்பர் கட்டினோம். சொம்பில் சீட்டுப் போட்டு 12 எடுத்தோம். மாமா தானே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் கை தெரியாமலே நல்ல செடிகளுக்குப் போகும். இப்படிச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும் முறையை வயல் சோதனைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவரும் அதே ஃபிஷர்தான். எடுத்த 12 செடிகளின் தண்டில் துணி சுற்றி மேலே பசை தடவினோம், பக்கத்துச் செடியைத் தொடும் கிளைகளை வெட்டினோம், மற்ற 12ஐ அப்படியே விட்டோம். எண்ணப்போவது கறுத்த இலைகளை மட்டும்தான் என்று முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டோம், பின்னால் மனம் மாறாமல் இருக்க.

மூன்று மாதத்தில் பசை தடவிய செடிகளில் கறுப்பு நன்றாகக் குறைந்தது. விட்டுவைத்ததிலும் மூன்று செடிகள் மழையில் தெளிந்துவிட்டன. பசை தடவியதில் இரண்டு செடிகள் மட்டும் எறும்பே இல்லாமல் மஞ்சளாகி வாடிக்கொண்டே போயின. பட்டையைத் தடவினால் மேடு மேடாகத் தட்டுப்பட்டது. வெள்ளைத் தண்டு துளைப்பான். அந்த இரண்டையும் வேரோடு எடுத்து எரித்தோம்.

அந்த இரண்டும் நின்றது, போன வருடம் சில்வர் ஓக் வெட்டி நிழல் குறைந்த மூலையில். வெயில் படும் செடியைத் துளைப்பான் அதிகம் தேடும் என்பது தோட்டக்காரர்கள் அறிந்ததுதான். ஆனாலும் இரண்டு செடியை வைத்து நம் மூலைக்கும் அதுதான் காரணம் என்று எழுத மாமாவே ஒப்பவில்லை. நிழலில் 40, நிழல் குறைந்த இடத்தில் 40 என்று செடிகளுக்கு இப்போது நம்பர் கட்டியிருக்கிறார். நோட்டில் நாலு கட்டமும் போட்டாகிவிட்டது, இன்னும் நிரப்பவில்லை.